மிச்சம் பிடித்த மாத்திரைகள்

2024 டிசம்பர் 17, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு பத்து. மார்கழிப் பனியில் எதிர்வீடு தெரியவில்லை. வடக்கனந்தலில் எங்கள் வீட்டுக் குழாயடியில் வாய் கொப்பளித்தேன். எச்சிலில் சிவப்பாக ஒரு கோடு. பல் ஈறாக இருக்கும் என்று இன்னொரு முறை துப்பிப் பார்த்தேன். ஈறு இல்லை.

கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனையில் சளியைப் பரிசோதித்துக் காசநோய் (பெரும்பாலும் நுரையீரலைத் தாக்கும் கிருமித் தொற்று) என்றார்கள். என் எடை நாற்பத்தாறு கிலோ. அதற்குத் தினம் மூன்று மாத்திரை, ஆறு மாதம். நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். மாத்திரையைக் கையில் வாங்கியதுமே எண்ணிவிட்டேன்.

அமுதா என்றொரு பெண் சனிக்கிழமைதோறும் மொபெட்டில் வருவாள். ஒரு தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளர். கல்வராயன் மலை ஊர்களில் சளி டப்பாக்களை வாங்கி மருத்துவமனையில் சேர்ப்பதும் அவள் வேலைதான். என்னிடம் மாத்திரை அட்டையை வாங்கி, காலியான குழிகளைப் பார்ப்பாள். "மூத்திரம் செவப்பா போவுதா சார்?" என்று என் மனைவி சரோஜா எதிரிலேயே கேட்பாள். மருந்து உடம்பில் சேர்கிறது என்பதற்கு அது ஒரு அடையாளம். எனக்குக் கூச்சமாக இருக்கும். சரோஜா சிரிப்பாள்.

பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை அவள் வண்டியை விட்டு இறங்கவில்லை.

"வெளிநாட்லேர்ந்து வர்ற பணம் நின்னுபோச்சாம் சார். ஆபீசையே மூடிக்கினு கீறாங்க. இனிமே நான் வரமாட்டேன். மாத்திரைய மட்டும் வுட்றாதீங்க. ஆஸ்பத்திரில போய் வாங்கிக்கங்க."

பணம் நின்றால் ஆஸ்பத்திரியில் மட்டும் எத்தனை நாளைக்கு இருக்கும் என்று யோசித்தேன். கையில் மூன்று அட்டை, எண்பத்து நான்கு மாத்திரை, இருபத்தெட்டு நாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டால் ஐம்பத்தாறு நாள் வரும். மனைவியிடம் சொல்லவில்லை. இருமல் குறைந்திருந்ததால் தைரியமும் வந்தது. இரண்டாம் மாத முடிவில் செய்ய வேண்டிய சளிப் பரிசோதனையை நினைவூட்டவும் ஆள் இல்லை.

நான்காவது வாரம் மாலைக் காய்ச்சல் திரும்பி வந்தது. இருமலும்தான்.

சரோஜாவுடன் மருத்துவமனைக்குப் போகும்போது மிச்சத்தையும் பையில் எடுத்துக்கொண்டேன். மருத்துவர் இளம்பெண். மேசைமேல் அட்டைகளை வைத்து, "நாப்பத்திரண்டு மிச்சம் பண்ணியிருக்கேன் டாக்டர்" என்றேன். உண்மையைச் சொன்னால், பாராட்டுவார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

அவர் அட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாருக்கு சார் மிச்சம் பண்ணீங்க?"

"வெளிநாட்டுப் பணம் நின்னுபோச்சின்னாங்க."

"மாத்திரை நம்ம கவர்மெண்ட்டு வாங்கறது சார். நின்னது அந்தப் பொண்ணோட சம்பளமும் பெட்ரோலும்தான்."

பிறகு மெதுவாக விளக்கினார். விட்டுவிட்டுப் போட்டால் கிருமி மருந்தைப் பழகிக்கொள்ளும். அப்புறம் இந்த மாத்திரைக்குக் கட்டுப்படாது (மருந்து எதிர்ப்புக் காசநோய்). வேறு கடுமையான மருந்துகள் வேண்டும், பிழைப்பதும் கடினமாகிவிடும். மறுபடி சளியைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். அப்படி ஆகிவிட்டதா என்பது மறுநாள்தான் தெரியும்.

சரோஜா வெளியே வந்ததும் சொன்னாள்: "காசுலதான் கஞ்சம்னு நெனச்சேன். உசுர்லயும் இன்னாத்துக்குங்க கஞ்சம்?"

மறுநாள் முடிவுக்காகப் பெஞ்சில் காத்திருந்தோம். மலையிலிருந்து வந்த மினி பஸ்ஸின் கண்டக்டர், ஒரு தெர்மாகோல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டமாக வந்தார்.

"யாராவது வாங்குங்கம்மா! சளி டப்பா. வண்டி நிக்கிது, டிரைவர் என்னையே துப்புறான்."

அமுதா கொண்டுவந்த டப்பாக்கள் இப்போது டிக்கெட் இல்லாமல் பயணம் செய்கின்றன. மலைக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் அந்தக் கண்டக்டர் யார் வீட்டுக்கும் போய் அட்டையை வாங்கிப் பார்க்கப்போவதில்லை. அமுதா ஒரே ஒரு சனிக்கிழமை வந்திருந்தாலும் என் கள்ளத்தனம் பிடிபட்டிருக்கும்.

மருத்துவர் கூப்பிட்டார். கிருமி இன்னும் இருந்தது. மருந்துக்குக் கட்டுப்படும் கிருமிதான். முதல் நாளிலிருந்து மறுபடி ஆறு மாதம். சரோஜா அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள். அவள் எவ்வளவு பயந்திருந்தாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

அமுதா இப்போது ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். நடந்ததைப் போனில் சொன்னேன். "சார், படிச்சவரு நீங்க. அதான் உங்கள நம்பி வுட்டேன்" என்றாள்.

இந்த மாத்திரையைச் சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வருகிறவர் நின்றுபோனால் மருந்தும் நின்றுவிட்டது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். போய்க் கேளுங்கள். வீட்டில் ஒருவரைத் தினமும் கேட்கச் சொல்லுங்கள்.

செப்டம்பரில் சளி சுத்தமாக வந்தது. மாத்திரை முடிந்த பிறகும் காலை ஏழு மணிக்குக் கை தானாகத் தண்ணீர்ச் செம்பைத் தேடுகிறது. தண்ணீரைக் குடித்து முடித்தால்தான் எனக்கு நாள் தொடங்குகிறது. மூச்சு உள்ளே போவது இப்போது தெரிகிறது. எழுபத்தொரு வருடம் அது தெரியாமலே போய் வந்துகொண்டிருந்திருக்கிறது.

பால், முட்டை, பஸ், ஆட்டோ எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு பதினோராயிரத்து நானூற்று அறுபது ரூபாய். மாத்திரைக்கு ஒரு பைசா இல்லை.