தேவசகாயத்தின் கடைசிப் பாரா

கடைசிப் பாராவுக்கு வந்துவிட்டால் தேவசகாயம் தலைப்பாகையைக் கழற்றி மடிமேல் வைத்துக்கொள்வார். தொண்டையைக் கனைத்து, எழுதப்போவதை முதலில் உரக்கச் சொல்லிப் பார்ப்பார். ஆம்பூர் தபாலாபீசுக்கு எதிரே, புங்க மரத்தடியில் அவர் மனு எழுதும் இடம். தபால் போட வந்தவர்கள் அந்தக் குரலைக் கேட்டு, யாரோ இறந்துவிட்டார்கள் என்று பதறி எட்டிப் பார்ப்பதுண்டு.

முன்பு மாதனூர்ப் பக்கம் உபதேசியாராக இருந்தவர். பிரசங்கத்தைத் தொடங்குவதில் குறையில்லை, முடிக்கத்தான் வராது. "முடிவாக" என்பார், அரை மணி கழித்து "முடிவிலும் முடிவாக" என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையார் ஒவ்வொருவராக எழுந்துபோய், கஞ்சி குடித்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்ததைப் பாதிரியார் பார்த்துவிட்டார். அதன்பின்தான் இந்த மரத்தடி. ஜனங்கள் மட்டும் இன்றைக்கும் அவரை உபதேசியாரே என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். நடந்ததைக் கோவையாகச் சொல்வார். ஆனால் முடிக்கும் இடத்தில், கேட்க வந்ததை மறந்து ஆசீர்வாதத்தில் இறங்கிவிடுவார். "முடிவுல படிக்கிறவன் கண்ணு கலங்கணும். அதுக்கு மேல மனுவுக்கு இன்னா வேலை?" என்பார்.

போன வருஷம், தோல் பதனிடும் தோல்ஷாப்புக்குப் பின்னால் இருக்கும் தெருவில் தண்ணீருக்குச் சங்கடம் வந்தது. தோலோடு ஆவாரம்பட்டை ஊறிய கழிவு நீர் கசிந்து, இருந்த ஒரே கிணறு காப்பி நிறமாகிவிட்டது. வீட்டுக்கு ஒரு குழந்தை வயிற்றுப்போக்கில் கிடந்தது. தெருப் பெண்களுக்காகத் தேவசகாயம் வேலூரிலிருந்த ஓர் அதிகாரிக்கு நான்கு பக்கம் எழுதினார். கிணறு கெட்ட கதை மூன்று பக்கம். நான்காவது பக்கத்தில், துரையவர்களின் சந்ததி பாலாற்று மணலைப்போலப் பெருக வேண்டும் என்ற பிரார்த்தனை. புதுக் கிணறு வேண்டும் என்ற வரி மட்டும் எங்கும் இல்லை.

பத்தாம் நாள் பதில் வந்தது. தங்கள் நல்வாழ்த்துகள் கிடைத்தன, மிக்க மகிழ்ச்சி என்றிருந்தது.

தோல் உலர்த்தும் வேலை செய்யும் அமிர்தவள்ளி, காய்ச்சல் கண்ட பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மரத்தடிக்கு வந்துவிட்டாள்.

"இன்னா உபதேசியாரே, வேணுங்கிறதக் கேக்காம கும்பிட்டுனே நின்னா? அவரும் பதிலுக்குக் கும்பிட்டு அனுப்பிட்டாரு."

அவர் தம் கண்கலங்கும் சித்தாந்தத்தை விளக்கப் பார்த்தார். அவள் விடவில்லை.

"கண்ணு எதுக்குக் கலங்கணும்? தண்ணிதான் கலங்கிக் கெடக்குதே. வந்து ஒரு வாய் குடிச்சிப் பாருங்க, குடிக்க முடியலன்னா வேற கெணறு வெட்டிக் குடுங்கன்னு எழுது. அத்தோட நிறுத்து."

தேவசகாயம் அவள் இடுப்பிலிருந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். பிறகு அவள் சொன்னபடியே எழுதினார். "தயவுசெய்து" என்ற ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்ள மட்டும் அனுமதி கேட்டார். கிடைத்தது.

மூன்றாம் வாரம் அதிகாரி மோட்டாரில் வந்து இறங்கினார். தெருவே கூடி நின்றது. அமிர்தவள்ளி டம்ளரை நீட்டினாள். அவர் வாங்கினார், முகர்ந்தார், கூட வந்த குமாஸ்தாவிடம் நீட்டினார். குமாஸ்தா தமக்குத் தாகமில்லை என்றார். புதுக் கிணற்றுக்கு இடம் எங்கே பார்த்திருக்கிறீர்கள் என்பதுதான் அதிகாரி அடுத்துக் கேட்டது. பொங்கலுக்குள் தெருவின் மேற்கே புதுக் கிணறு வந்தது. பிள்ளையும் தேறி, இப்போது அதன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது.

முதல் மனுவின் மூன்று பக்கத்தை நினைத்து நினைத்துத்தான் அதிகாரி வந்தார் என்று தேவசகாயம் இன்றும் சாதிக்கிறார். நான் மறுக்கவில்லை.

போன வாரம் அந்தப் பக்கம் போயிருந்தேன். வண்டிக்கார ஜியாவுல்லா, பாதையிலுள்ள பெரிய பள்ளத்தை மூடச் சொல்லி அவரிடம் மனு எழுத வந்திருந்தார். கோரிக்கை எழுதி முடிந்தது. தேவசகாயத்தின் கை அடுத்த வரிக்கு நகர்ந்தது. உதடுகளும் லேசாக அசைந்தன. சட்டென்று மைக்கூட்டை மூடி ஜியாவுல்லாவின் கையில் கொடுத்தார்.

"நீ கொஞ்சம் தூரமா எடுத்துனு போய் நில்லு, பாய்."