மாதிரிக்குக் கொடுத்த மணல்

கூட்டு முயற்சி என்று யாராவது ஆரம்பித்தாலே இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முயற்சியின் மேல் கோபமில்லை. நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து அதைச் செய்த லட்சணத்தின் மேல்தான்.

எட்டுப் பேரும் கோவையில் சின்னதாகப் பவுண்டரி நடத்துகிறவர்கள். மணல் அச்சில் இரும்பை உருக்கி ஊற்றி, பம்புசெட்டுக்கு உறுப்புகள் வார்க்கிறோம். வார்த்து முடித்த மணல் கருகிப் போய்விடும். அதைப் பள்ளத்தில் கொட்டினால் தோட்டத்துக்காரர்கள் விரட்டுகிறார்கள், விரட்டுவது நியாயம்தான். அதனால் கருகிய மணலைச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்த ஒரு பொது ஆலை என்று முடிவானது. எங்கள் பவுண்டரிச் சங்கம் இடம் கொடுத்தது. ஒரு இயந்திரக் கம்பெனி செய்து தர ஒப்புக்கொண்டது. வடிவமைப்பு ஒரு பொறியியல் கல்லூரியின் பொறுப்பு. அதற்காகவே கல்லூரி ஒரு இளம் பெண் பொறியாளரை ஒப்பந்தத்தில் எடுத்தது. சென்னிமலைப் பக்கத்துப் பெண். ஆலை நன்றாக ஓடினால் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள்.

மாதிரி கேட்டு என் பட்டறைக்கு வந்தது அந்தப் பெண்.

“ஏனுங்ணா, ரெண்டு மூட்டை கழிவு மணல் வேணுமுங்க. எப்படிக் கெடக்குதோ அப்படியே அள்ளிக் குடுங்க. எதையும் பொறுக்கிப் போட்றாதீங்க.”

“அதுக்கென்னங்க அம்மணி, குடுத்தர்லாம்” என்றேன்.

அது போன பிறகு குவியலைப் பார்த்தேன். இரும்புச் சில்லு, அச்சு மணலை ஒட்டவைக்கிற பிசின் கருகிய கட்டி, பீடித் துண்டு, டீக் கப். கல்லூரிக்குப் போகிற பொருள். நாலு பேர் பார்ப்பார்கள். மற்ற ஏழு பேர் மூட்டையும் பக்கத்தில் இருக்கும். மானம் போய்விடாதா? ஆள் விட்டு இரண்டு முறை சலிக்கச் சொன்னேன். காந்தம் வைத்துச் சில்லை எடுத்து, வெயிலில் உலர்த்தி, புதுச் சாக்கில் கட்டி வைத்தேன். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டை ஒழுங்கு செய்வது போல.

மறுநாள் அந்தப் பெண் சாக்கைப் பிரித்து ஒரு கை அள்ளிப் பார்த்தது. “இவ்வளவு சுத்தமாவாங்க இருக்கும்?”

“நம்ம பட்டறைல எப்பவுமே இப்படித்தானுங்க.”

ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, நோட்டில் எழுதிக்கொண்டு போனது. மற்ற ஏழு பேரும் இதையேதான் செய்திருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் மூச்சு விடவில்லை.

அந்த மாதிரிகளுக்கு ஏற்ற சல்லடையும் குழாயுமாகச் செய்த ஆலையைக் குத்துவிளக்கேற்றித் திறந்தோம். நிஜ மணல் லாரியில் வந்து இறங்கியது. நாலே நாளில் சல்லடை கிழிந்து, பிசின் கட்டி குழாயை அடைத்து, எல்லாம் நின்றுபோனது.

சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். கேசரி, வடை, காப்பி. இத்தனை நாசத்துக்கும் கேசரி!

“வடிவமைப்புல கொஞ்சம் கவனக்குறைவு ஆயிப்போச்சுங்க. யாரையும் குத்தம் சொல்லலீங்க” என்றார் தலைவர். குற்றம் சொல்லாமலேயே, அந்தப் பெண்ணின் ஒப்பந்தத்தை நீட்டிப்பதில்லை என்று கல்லூரிக்காரர்கள் முடிவு செய்திருந்தார்கள். ஏழு பேரும் காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்தேன்.

“நான் குடுத்தது சலிச்ச மணலுங்க. அந்தப் புள்ள வேண்டாம்னு சொல்லியும் சலிச்சுப்போட்டேன். தப்பு என்னுதுங்க.”

தலைவர் சிரித்தார். “உங்களுக்குப் பெரிய மனசுங்க. ஒரு புள்ளைக்காகப் பழிய நீங்க ஏத்துக்கறீங்க பாருங்க.” இரண்டு பேர் கை தட்டினார்கள்.

“மனசுமில்லை, மண்ணுமில்லீங்க. நெஜத்தைச் சொல்றேன். நீங்களும் சலிச்சுத்தானே குடுத்தீங்க?” என்று கத்தினேன்.

“உக்காருங்க, காப்பி ஆறிப்போகுது” என்றார் பக்கத்திலிருந்தவர். அவ்வளவு மரியாதையாக. கூட்டக் குறிப்பில் கவனக்குறைவு என்றே எழுதினார்கள்.

வெளியே அந்தப் பெண் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டிருந்தது. “தப்பு எம்மேலதானுங்க அம்மணி” என்றேன். பரவாயில்லை என்று சொல்லும் என எதிர்பார்த்தேன். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

“தெரியுமுங்ணா. சாக்கைப் பிரிச்சப்பவே தெரியும். பெரியவங்க மொகத்துக்கு நேரா பொய்யுன்னு எப்படிச் சொல்றதுன்னுதான் நீங்க சொன்னதையே எழுதிக்கிட்டுப் போயிட்டேன்” என்றது.