நீதிபதியின் காலடியில் கிடந்த கோப்பைகள்

அந்த நீதிபதியும் நானும் ஒரே வழியில்தான் டெக்சஸ் வந்து சேர்ந்தோம். முதலில் நியூ ஜெர்சி, பிறகு கலிபோர்னியா, கடைசியில் இங்கே. அவர் வந்து நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் வந்தபோது ஒரு கல்லறைக் கல்லாகப் புல்லுக்கு நடுவே சாய்ந்து நின்றிருந்தார்.

நான் பத்தாவது தாண்டாதவன். சமையல்காரன் விசாவில் நியூ ஜெர்சி ஐசலினுக்கு வந்து, ஒரு ஓட்டலின் அடித்தளத்தில் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். ஓட்டலை மூடியதும் கலிபோர்னியாவில் சான் ஹோசே. அங்கே ஐ.டி. பையன்களுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தேன். வாடகை கட்டுப்படியாகாமல் ஒரு குளிர்காலம் முழுக்க வேனில் தூங்கினேன். தூக்கம் வரும், காலைத்தான் நீட்ட முடியாது. டெக்சஸில் ஆலனுக்கு வடக்கே நம்மவர்கள் கோயில் கட்ட நிலம் வாங்கியிருக்கிறார்கள், பிரசாதம் சமைக்கவும் இடத்தைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறினேன். நிலத்தில் ஒரு டிரெய்லரில் பிள்ளையார் இருந்தார். இன்னொரு டிரெய்லர் எனக்கு.

முதல் வசந்தத்தில், சாலையோரம் நீலப் பூ பூத்திருந்த நாளில், வாசலில் ஒரு மஞ்சள் ஸ்கூல் பஸ் வந்து நின்றது. அறுபது வயது மதிக்கத்தக்க கறுப்பினப் பெண்மணி இறங்கினாள். பஸ் ஓட்டுபவள் அவள்தான். கையில் புல் வெட்டும் கத்தரி. நேராக அந்த நிலத்திலிருந்த நீதிபதியின் கல்லறைக்குப் போய்ச் சுற்றிலும் புல்லை வெட்டினாள். நான் காபியும் வெண்பொங்கலும் கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த சமையலறை ஆங்கிலத்தில், "இவர் உங்களுக்கு உறவா?" என்று கேட்டேன்.

"உறவு இல்ல. ஆனா இவர் இல்லேன்னா நான் இல்ல" என்றாள்.

வருஷா வருஷம் வசந்தத்தில் வருவாளாம். அப்படித்தான் நீதிபதியின் கதை எனக்குத் தெரியவந்தது. நியூ ஜெர்சியில் ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளை. பள்ளிக்கூடம் பாதியில் நின்றது. ஒரு வக்கீல் ஆபீசில் தரை பெருக்கி, அடுப்பு மூட்டி, அங்கேயே சட்டம் படித்தார். தப்பி வந்த அடிமைகளுக்காக வாதாடினார். அதனால் வழக்குக் கொண்டுவந்த மற்றவர்கள் வருவதை நிறுத்தினார்கள், ஊரார் வீட்டு ஜன்னல்களை உடைத்தார்கள். தங்கம் தோண்டக் கூட்டம் மேற்கே போனபோது அவரும் போனார். ஒரு சுரங்க முகாமில், கூடாரத்துக்குள், சாராயப் பீப்பாய் ஒன்றை மேஜையாக வைத்துக்கொண்டு நீதிபதி வேலை பார்த்தார். உள்நாட்டுப் போர் முடிந்ததும் டெக்சஸ், இங்கேயும் நீதிபதி வேலை.

அடிமை முறை ஒழிந்துவிட்டது என்று சட்டம் வந்த பிறகும், தொழில் பழக்குகிறோம் என்று சொல்லிப் பழைய எஜமானர்கள் பிள்ளைகளைப் பிடித்து வைத்திருந்தார்களாம். ஒரு தாய் நடந்தே இவர் கோர்ட்டுக்கு வந்து, என் மகளைக் கொடுக்கச் சொல்லுங்கள் என்று நின்றாள். இவர் கொடுக்கச் சொன்னார். அந்த மகள்தான் இந்த பஸ்காரம்மாவின் கொள்ளுப்பாட்டி.

அதற்குப் பிறகு ஊர்க் கடையில் அவருக்கு மாவு விற்கவில்லை. குதிரையைச் சுட்டார்கள். மனைவி நியூ ஜெர்சிக்கே திரும்பிப் போய்விட்டாள்.

"இவர் ஏன் போகல?" என்று கேட்டேன். ஒரு ஊரில் சரிப்படவில்லை என்றால் அடுத்த ஊர் என்றுதான் எனக்குத் தெரியும்.

"போயிருந்தா அடுத்து வர்ற ஜட்ஜ் அந்தப் பொண்ணைத் திரும்ப அனுப்பியிருப்பான்" என்றாள்.

நான் கல்லைப் பற்றிக் கேட்டேன், அவள் கல்லைப் பற்றிச் சொன்னாள். அதைச் சுற்றியிருந்த மண்ணைப் பற்றி நான் கேட்கவில்லை.

அந்த வருஷக் கடைசியில் பூமி பூஜைக்கு நாள் குறித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பம் குடும்பமாக வந்து நிலத்தைச் சுத்தம் செய்தார்கள். கல்லறைக்குப் பின்னால், தேவதாரு மரங்களின் கீழே, புல்லுக்குள் உடைந்த பீங்கான் நிறையக் கிடந்தது. கோப்பை, சாசர், விளக்குக் கண்ணாடி, நடுவே கடல் சிப்பிகள்.

"ஐயோ, ஒடஞ்ச சாமானெல்லாம் கோயில் மண்ணுல இருக்கவே கூடாது. ஒண்ணு விடாம பொறுக்குங்க" என்றார் ஒரு அம்மாள்.

அவர் மகள் கையிலிருந்த சிப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அம்மா, ஒய் ஆர் தேர் சீஷெல்ஸ்? தேர்ஸ் நோ பீச் ஹியர்."

"எவனோ பிக்னிக் வந்து போட்டுட்டுப் போயிருப்பான். நீ முதல்ல கிளவுஸ மாட்டு."

அத்தனை பேரில் சரியான கேள்வி கேட்டது அந்தக் குழந்தை மட்டும்தான். வாளி வாளியாகக் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் கொட்டினோம். ஒரு கோப்பை மட்டும் காது போய், மற்றபடி முழுசாக இருந்தது. வாயில் நீலக் கோடு. கழுவி, உப்பு அளக்க வைத்துக்கொண்டேன்.

கல்லறை பாக்கி. மண்ணுக்குள் எலும்பு இருந்தால் அது சல்லிய தோஷம், கோயில் எழும்பக் கூடாது என்று குருக்கள் சொல்லிவிட்டார். கோயில் கமிட்டித் தலைவர் கோயம்புத்தூர்க்காரர், இன்ஜினியர், யாரையும் கடிந்து பேசாதவர்.

"பர்மிஷன் வாங்கி மரியாதையா ரிலொகேட் பண்ணிடலாங்க சாமி" என்றார்.

"வருஷா வருஷம் பஸ் ஓட்டுற அம்மா ஒருத்தங்க வந்து பாத்துட்டுப் போறாங்க சார்" என்றேன்.

"ரிலேட்டிவுங்களா?"

"இல்லீங்க."

"அப்புறம் என்னங்க? ஃபேமிலிய டிரேஸ் பண்ணிட்டோம். நியூ ஜெர்சில ஒருத்தர், தாராளமா பண்ணுங்கன்னுட்டாரு."

நானும் சரி என்றுதான் நினைத்தேன். மழை பெய்த ஒரு காலையில் நீதிபதியை எடுத்தார்கள். குருக்கள் தர்ப்பை போட்டு, பாலும் எள்ளுத் தண்ணீரும் விட்டார். தலைவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் நின்றார். ஊரின் பழைய கல்லறைத் தோட்டத்தில், இரும்பு வேலிக்கு உள்ளே, ஓக் மரத்தடியில் நல்ல இடம் வாங்கிக் கல்லை நேராக நிறுத்தினார்கள். தோண்ட வந்தவர்களுக்கு நான் தயிர்சாதம் கொடுத்தேன். எல்லோருக்கும் மனசு நிறைவாக இருந்தது. பிறகு மரங்களை வெட்டி, கார் நிறுத்தத் தார் போட்டு, வெள்ளைக் கோடு இழுத்தார்கள்.

அடுத்த வசந்தத்தில் மஞ்சள் பஸ் வந்தது. சனிக்கிழமை, அபிஷேக நேரம். நான் ஓடிப்போய், நீதிபதி பத்திரமாக இருக்கிறார், பெரிய இடத்துக்கு மாற்றிவிட்டோம் என்று சொன்னேன். அவள் கேட்டது வேறு.

"கோப்பைங்க எங்கே?"

எனக்கு உடனே பிடிபடவில்லை. அவளே சொன்னாள். கோர்ட்டுக்கு நடந்து வந்த அந்தத் தாயும், அவள் பிள்ளைகளும், காய்ச்சலில் போன குழந்தைகளும் அந்தக் கோப்பைகளுக்குக் கீழேதான் புதைந்திருந்தார்கள். இரும்பு வேலிக்கு உள்ளே அவர்களுக்கு அந்தக் காலத்தில் இடம் கிடையாது. நீதிபதி தன் வீட்டுக்குப் பின்னால் இடம் கொடுத்தார். கல் வாங்க அவர்களுக்கு வசதி இல்லை. இறந்தவர் கடைசியாகக் குடித்த கோப்பையை உடைத்து, கடல் சிப்பியும் விளக்கும் சேர்த்து மேலே வைப்பார்கள். போனவர் இருப்பவரைக் கூப்பிடாமலிருக்க அப்படி ஒரு வழக்கம். நீதிபதி, தனக்கு வேலிக்குள் இடம் இருந்தும் வேண்டாம் என்று சொல்லி, இவர்களுக்குத் தலைமாட்டில் தன்னை வைக்கச் சொன்னார். அந்த ஒரு கல் எல்லோருக்குமான கல்.

சுடுகாட்டில் என் அப்பாவைச் சுற்றி வந்து, தோளில் இருந்த குடத்தைப் பின்னால் போட்டு உடைத்தவன் நான். அன்று பொறுக்கியவர்களில் பாதிப் பேராவது அப்படி உடைத்திருப்பார்கள். உடைந்த கோப்பையும் அப்படித்தான் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"எத்தனை பேரு?" என்று கேட்டேன்.

"எங்கம்மா எட்டும்பாங்க, பெரியம்மா பத்தும்பாங்க. கோப்பைய வெச்சுத்தான் எங்களுக்குத் தெரியும்."

தலைவரைக் கூட்டி வந்தேன். கேட்டதும் அவர் முகம் செத்துவிட்டது. "யாருமே சொல்லலீங்களே" என்று என்னிடம் தமிழில் சொன்னார். பிறகு அவளிடம் ஆங்கிலத்தில் அதையே சொன்னார்.

"யாரும் கேட்கலையே" என்றாள். சத்தம் போடவில்லை.

பலகை வைக்கிறோம், எவ்வளவு தாரை வேண்டுமானாலும் பெயர்க்கிறோம் என்றார். நிஜமாகவே செய்யக்கூடியவர். "எங்கே பெயர்ப்பீங்க?" என்று கேட்டாள்.

நான் உள்ளே போய், உப்பைக் கொட்டிவிட்டு, நீலக் கோடு போட்ட கோப்பையைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். முகம் கொஞ்சம் தெளிந்தது.

"இது எந்த இடத்துல இருந்தது?"

தேவதாரு மரங்கள் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். எங்கே பார்த்தாலும் ஒரே கறுப்பு, ஒரே அளவில் கோடுகள். "இங்கேதான், எங்கேயோ" என்று கையை அகலமாக வீசிக் காட்டினேன். அவள் கோப்பையோடு ஒரு கட்டத்துக்குள் போய் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்தாள்.

ஒரு கார் வந்து அவளுக்கு முன்னால் நின்றது. பட்டு வேட்டி கட்டிய பையன் கண்ணாடியை இறக்கினான். "அங்கிள், அவங்க கிளம்பறாங்களா? நான் இங்க பார்க் பண்ணலாமா?"

எதிர் வரிசையில் விடச் சொல்லிக் கை காட்டினேன். அவன் வண்டியைத் திருப்பி அங்கே கொண்டுபோய் நிறுத்தினான். அந்த வரிசைக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியாது.