தோல் இல்லாத குழாய்

அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஸ்ரீவராகம் அக்ரகாரத்தில் எல்லாரும் அவரைக் குழாய் ஆபீசர் என்றார்கள். கறுத்து, குள்ளமாக, சேறு பட்ட கால்சட்டையோடு வருவார். நாஞ்சில் நாட்டுக்காரர். சாக்கடை அளக்கும் வேலையில் நுழைந்து, நகரத்துக் குழாய்த் தண்ணீருக்கே அதிகாரியாக உயர்ந்தவராம். எந்த வீட்டுக்குப் போனாலும் கிணற்றுத் தண்ணீரைக் கையில் ஏந்தி முகர்ந்துவிட்டுத்தான் பேசுவார்.

எங்கள் தெரு ஆண்கள் குழாய் வேண்டாம் என்றார்கள். திருகுக்குள் தோல் வளையம் இருக்கிறதாம், தீட்டாம். அவர்கள் தட்டும் மிருதங்கத்தில் இருப்பது என்ன, வாழைப்பட்டையா? நான் ஆறு மாதக் கர்ப்பத்தோடு தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலை எங்கள் கிணற்றடிக்கு வந்தார். என்னைத் தன் கையில் தண்ணீர் ஊற்றச் சொல்லி முகர்ந்தார். பிறகு பையிலிருந்து ஒரு குழாயை எடுத்து மாமனாரிடம் காட்டினார்.

"பித்தளையில வளையம் கடைஞ்சு போட்டிருக்கேன் சாமி. தோலே கிடையாது."

"சாக்கடை அளந்தவன் கொண்டு வர ஜலம் எங்களுக்கு வேண்டாம் ஓய்."

"சாக்கடை அளந்தவனாக்கும். அதனாலதான் உங்க கிணத்துல என்ன ஊறுதுன்னு தெரியுது."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. தண்ணி கோருறது நீங்கதானே?"

அந்த வீட்டில் அதுவரை யாரும் என்னை எதுவும் கேட்டதில்லை. வேண்டும் என்ற சொல் தொண்டை வரை வந்தது. மாமனார் பார்த்தார். நான் தலை குனிந்துகொண்டேன். குழாய் ஆபீசர் போய்விட்டார்.

மறுவருஷக் கோடையில் கிணறு வற்றியது. உடனே தீட்டும் போய்விட்டது. குழாய் போட வந்தவன் வேறு யாரோ; மாமனாரிடம் மட்டும் பேசிவிட்டுப் போனான். தண்ணீர் கிடைத்துவிட்டது. ஆனாலும் அந்த மனிதர் இன்னொரு தடவை வந்து என்னைக் கேட்க மாட்டாரா என்று இன்றைக்கும் ஏக்கமாக இருக்கிறது.