செருப்பைக் கழற்றிவிட்டுப் படம் ஓட்டியவர்

யாழ்ப்பாணத் தியேட்டர் ஒன்றில் படம் ஓட்டியவர் அவர். ஒல்லி உடம்பு, நெற்றி நிறையத் திருநீறு. சாமிப் படம் என்றால் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் மெஷின் அறைக்குள் போவார். அது ஊருக்கே தெரியும்.

அறுபதுகளில் ஓர் இங்கிலீசுப் படம் வந்தது. ஆடிப்பாடிப் பேர்பெற்ற பாடகன் ஒருவன் அதில் பாடவேயில்லை. கடவுளை வெறுத்து ஓடிப்போய், பிறகு திரும்பிவருகிற மகனாக நடித்திருந்தான். சாகக் கிடக்கும் தாயின் கட்டிலருகே அவன் முழங்காலில் நின்று செபிக்கத் தொடங்கினான். பாட்டுக்காகவே வந்திருந்த கூட்டம் விசிலடித்தது. உடனே படத்தின் சத்தம் நின்றது. இடைவேளைகளில் போடுகிற அவனுடைய ஆட்டப் பாட்டு இசைத்தட்டு முழங்கியது. திரையில் அவன் உதடு செபிக்க, கீழே தியேட்டரே எழும்பி ஆடியது.

படம் பார்க்க வந்திருந்த நான் கொதித்துப்போய் மேலே ஓடினேன். அறை வாசலில் அவருடைய செருப்புக் கிடந்தது. கிறிஸ்தவ வேதக்காரரின் படத்துக்கும் கழற்றியிருந்தார்.

"உங்களுக்கென்ன விசரே, அண்ணை? அவன் செபம் சொல்லேக்கை ஆட்டப் பாட்டே போடுறியள்?"

அவருக்கு என்னைவிடக் கோபம்.

"செபம் சொல்லுறவனைப் பாத்து விசிலடிக்கிறாங்கள், தம்பி! உவங்கடை விசில் பாட்டிலை விழட்டும். செபத்திலை விழக்கூடாது."

என் கோபம் போகவில்லை, இன்றைக்கும் போகவில்லை. அந்த மகன் கடவுளிடம் என்ன கேட்டான் என்பதை, விசிலடிக்காத என்னையும் அல்லவா அந்த மனிதர் கேட்கவிடாமல் செய்துவிட்டார்!