நாற்பத்தொரு சிவப்புச் சொற்கள்

என் அக்கா ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் ஒன்பது ஆண்டுகளாகப் பிழை திருத்துகிறாள். இப்போதெல்லாம் கணினியே மொழிபெயர்த்துவிடுகிறது. அது எழுதியது கறுப்பு, அக்கா திருத்தியது சிவப்பு. வாரம் ஒருமுறை மேலாளர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். ஒரு சிவப்புச் சொல்லைத் தொட்டு, அதே நிறத்தில் உள்ள எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கச் சொல்வார். திரையின் அடியில் எண்ணிக்கை வரும். கணினி வந்த முதல் வாரம் நாலாயிரம். போன வாரம் முந்நூறு. நூற்றுக்குக் கீழே போனால் அந்த இருக்கைக்கு ஆள் தேவையில்லை.

நேற்று நாற்பத்தொன்று.

"என்னம்மா, தூங்கிட்டீங்களா?" என்றார் மேலாளர்.

"இல்ல சார், அது சரியாத்தான் எழுதியிருக்கு."

"அப்ப நாளையோட முடிச்சுக்குங்க."

அவர் போனதும் பக்கத்து இருக்கைக்காரி குனிந்தாள். "உனக்குப் பைத்தியமாக்கா? நாலு பக்கத்துக்குச் சும்மா சிவப்படிச்சு விட வேண்டியதுதானே?"

அக்காவின் திருத்தங்களைப் படித்துத்தான் கணினி கற்றுக்கொள்கிறது. அது அவளுக்கு முதலிலிருந்தே தெரியும்.

இன்று கடைசிக் கோப்பில் ஒரே ஒரு தவறு இருந்ததாம். கண்டும் காணாமல் விட்டிருக்கலாம். திருத்திச் சிவப்பாக்கிவிட்டுத்தான் எழுந்தாளாம்.

"இனிமே அந்தத் தப்ப அது பண்ணாதுடி," என்று வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினாள்.