கடைசியாக நின்ற தாய்

எழுபதுகளின் பிற்பகுதியில், இலங்கை மலைநாட்டில் நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. பெண்கள் பறித்து வரும் கொழுந்தைக் கொழுந்து மடுவம் என்கிற கொட்டகையில் நிறுத்து, ஒவ்வொருத்தர் பெயருக்கும் நேரே எடையை எழுதுவதுதான் என் வேலை. காலையில் திருநீறு பூசிக்கொண்டு தராசைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் புத்தகத்தைத் திறப்பேன். இந்தத் தராசால் யாருக்கும் ஒரு பிழையும் வரக்கூடாது முருகா என்று வேண்டிக்கொள்வேன்.

பிழை வராமல் இருக்க நானே ஒரு வழக்கமும் வைத்திருந்தேன். பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியதும் கீழ்மலைப் பெண்கள் ஐந்து நிமிடத்தில் மடுவத்துக்கு வந்துவிடுவார்கள். மேல்மலைப் பெண்கள் கூடையோடு இறங்கி வர இன்னும் கால் மணி நேரம் ஆகும். எல்லோரும் வந்து சேரும்வரை நான் தராசைத் தொடமாட்டேன். ஒருத்தி எடையை மற்றவள் கண்ணால் பார்க்க வேண்டும், பின்னால் யாரும் சந்தேகப்படக் கூடாது என்பது என் எண்ணம். பிறகு வந்த வரிசைப்படி ஒவ்வொருத்தராக நிறுப்பேன். யாருக்காகவும் வரிசையை மாற்றியதில்லை. அதில் எனக்குப் பெருமை என்றே சொல்ல வேண்டும்.

மேல்மலையில் ஒரு பெண். மூன்று மாதக் கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு வேலைக்கு வருவாள். வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளை அங்கே ஓர் ஆயா பார்த்துக்கொள்வாள். இந்தப் பெண்ணுக்குக் கொழுந்து பறிக்கக் கொடுத்த நிரை மலை உச்சியில் இருந்ததால் எப்போதும் வரிசையில் அவள்தான் கடைசி. நிறுத்து முடித்து, பிள்ளைக்காம்பராவுக்கு ஓடி, பால் கொடுக்க உட்காரும்போதே மலைக்குத் திரும்பும் நேரம் வந்துவிடும்.

ஒரு நாள் நல்ல மழை. கூடையோடு அவள் நேராகத் தராசுக்கு முன்னால் வந்து நின்றாள். பால் கட்டி, சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. நான் அதை மழை என்று நினைத்தேன்.

"ஐயா, இன்னைக்கு மட்டும் என்னைய மொதல்ல விடுங்க. புள்ள நேத்தே சரியாக் குடிக்கல."

"ஆளுக்கு ஒரு நியாயம் பேச முடியாதும்மா. வரிசைன்னா வரிசைதான். பின்னால போய் நில்லு."

அவள் கூடையோடு போய்க் கடைசியில் நின்றாள். வரிசையில் இருந்த ஒரு வயதான பெண் மட்டும், "ஐயாவுக்கும் பால் சுரந்திருந்தா தெரியும்" என்றாள். நான்கைந்து பேர் சிரித்தார்கள். நான் காது கேளாதவன் மாதிரி எழுதிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை பிள்ளைக்காம்பரா ஆயா என்னிடம் வந்தாள். குழந்தை அழுது அழுதே தூங்கிவிடுகிறது, தாய் வரும்போது உறிஞ்சக்கூடத் தெம்பில்லை, எடை இறங்கிக்கொண்டே போகிறது என்றாள். "இப்படியே போனா ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும்னு டொக்டர் ஐயா சொல்லிட்டாரு. அவ வேலைய விட்டு நின்னுக்கிறேங்கிறா. நின்னா அந்த வீட்டுல அடுப்பு எரியாதுங்க."

அன்று கொழுந்து ஏற்ற வந்த லொறியில், தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கரின் தம்பியும் வந்திருந்தார். சிங்களவர், ‘மாத்தயா’ என்று மரியாதையாகக் கூப்பிடுவோம். ஆனால் தோட்டத்தில் வளர்ந்ததால் நம்மைப் போலவே தமிழ் பேசுவார். பல்கலைக்கழகத்தில் கணக்குப் படித்துவிட்டு, வேலை கிடைக்காமல் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தார். என் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கேட்டார். சொன்னேன்.

மடுவத்தில் விரித்திருந்த சாக்கில் இருபத்தாறு கொழுந்துகளை வரிசையாக வைத்தார். அன்று என் புத்தகத்தில் இருபத்தாறு பேர்.

"ஒருத்தருக்கு ஒரு நிமிசம்னு வைங்க. கடைசி ஆள் இருபத்தஞ்சு நிமிசம் நிப்பா. இவளைத் தூக்கி முன்னால வச்சா அவளுக்கு இருபத்தஞ்சு நிமிசம் மிச்சம். மத்த இருபத்தஞ்சு பேருக்கும் ஆளுக்கு ஒரு நிமிசம் கூடும்."

"அப்ப மொத்தத்துல லாபம் ஒண்ணும் இல்லையே, மாத்தயா."

"இல்லைதான். மொத்தக் காத்திருப்பு அப்படியே இருக்கும். அது யார் தலையில விழணும்னுதான் நீங்க முடிவு பண்றீங்க."

தராசை நிமிர்ந்து பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "மொத்தமும் குறையணும்னா வேற வழி இருக்கு. கால்மணி நேரம் தராசு சும்மா தொங்குதே, அது எதுக்கு? முதல்ல வர்றவங்களை உடனே நிறுத்து அனுப்புங்க. மேல்மலை ஆளுங்க வரும்போது பாதிக்கு மேல போயிருப்பாங்க." டெலிபோனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இந்த வரிசைக் கணக்கைப் போட்டுத் தடித்தடியாகப் புத்தகங்கள் எழுதி வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். எனக்கு அது புரியவில்லை. சாக்கில் கடைசியாகக் கிடந்த அந்த ஒரு கொழுந்து மட்டும் புரிந்தது.

அன்று மத்தியானமே கீழ்மலைப் பெண்களிடம் பேசினேன். "உடனே நிறுக்கப் போறேன். மத்தவங்க பார்க்கலையேன்னு யாரும் பின்னால பேசக்கூடாது. கைப்பிள்ளைக்காரங்க எப்ப வந்தாலும் முன்னால விடுவேன்."

முந்தின நாள் குத்திப் பேசிய அதே பெண்மணிதான் பதில் சொன்னாள். "நாங்க எப்ப உங்களைச் சந்தேகப்பட்டோம்? நீங்களா நினைச்சுக்கிட்டு எங்களையும் சேத்து நிக்க வச்சீங்க."

சங்கு ஊதி இருபது நிமிடத்தில் மேல்மலையிலிருந்து அவள் இறங்கி வந்தபோது, வரிசையில் ஒன்பது பேர்தான் இருந்தார்கள். ஒன்பது பேரும் விலகி வழி விட்டார்கள். அவள் நம்பாமல் என் முகத்தைப் பார்த்தாள். கூடையைக் கொக்கியில் மாட்டச் சொன்னேன். நிறுத்ததும் ஓடினாள்.

நான்கு வாரத்தில் குழந்தை தேறிவிட்டதாக ஆயா சொன்னாள். மாரியம்மனுக்கு நானும் என் மனைவியும் ஒரு பொங்கல் வைத்தோம். பிரசாதம் கொடுக்கப் போன இடத்தில் அந்தத் தாய் நன்றி ஏதும் சொல்லவில்லை. தொன்னையை வாங்கிக்கொண்டு, கோபமே இல்லாத குரலில் ஒன்று சொன்னாள்.

"மூத்தவனுக்கு நாலு மாசத்துலயே பால் வத்திப்போச்சுங்க ஐயா. வெறுந்தேயிலைச் சாயம் குடுத்துத்தான் வளர்த்தேன். அப்பவும் நீங்கதான் தராசுல இருந்தீங்க."

அப்போது அவள் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. வரிசையின் கடைசியில் பேசாமல் நின்றிருக்கிறாள். அவளுக்கு முன்னும் எத்தனை தாய்மார் அப்படி நின்றார்களோ, என் புத்தகத்தில் அவர்களுடைய எடைதான் இருக்கிறது. இன்றைக்கும் விளக்கேற்றிக் கும்பிடும்போது, நான் செய்த தவறுகளுக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டு எழுந்துவிட முடியவில்லை. நியாயம் என்று நம்பிச் செய்தவற்றுக்கும் கேட்டுக்கொண்டுதான் எழுகிறேன்.